வெங்காயத் தோலில் மின்சாரம்

கேள்வி: பெரம்பலூர் பக்கம் செட்டிகுளம் களத்தில் காற்றில் பறக்கும் வெங்காயத் தோலில் மின்சாரம் எடுக்கலாமாமே, நிஜமா?

பதில்: நிஜம்! காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்களும் கொரியாவின் போஸ்டெக் ஆய்வாளர்களும் 2017இல் செய்தே காட்டினார்கள். தோலிலுள்ள செல்லுலோஸ் இழைகளை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும். க்யூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்ட அதே குணம். கேஸ் லைட்டரைத் தட்டினால் பொறி பறப்பதும் இதனால்தான். தோலால் செய்த சிறு கருவியை விரலால் அழுத்தியதும் சுமார் 18 வோல்ட் வந்தது. கண்ணீர் தவிர வேறொன்றும் தராது என்று இனி வெங்காயத்தைத் திட்டாதீர்கள்.

கேள்வி: 18 வோல்ட்டா! சட்டைப் பையில் நாலு தோலைப் போட்டுச் செல்போனை சார்ஜ் பண்ணிவிடலாமே?

பதில்: வோல்ட்டைக் கேட்டீர்கள், ஆம்பியரைக் கேட்கவில்லையே! அது வெறும் 166 நானோ ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 3 மைக்ரோவாட். இடைவிடாமல் அழுத்தினாலும் 5000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப எழுநூறு ஆண்டுக்கு மேலாகும். பேரன் பேத்திகளாலும் ஆகாது.

கேள்வி: பிறகு எதற்கு இந்தப் பாடு?

பதில்: சின்ன வயிற்றுக்குச் சின்னக் கவளம் போதும். குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓரிரு மைக்ரோவாட்டில் ஓடிவிடும். நாடித்துடிப்பையோ உடல் சூட்டையோ எப்போதாவது ஒருமுறை அளந்துவிட்டு உறங்கும் உணரிப் பட்டைக்கும் அதிகம் வேண்டாம். வெயிலில் களையெடுக்கும் அம்மாவின் உடல் சூடு எல்லை மீறும்போது எச்சரிக்கும் ஒரு பட்டை, பேட்டரி மாற்றும் செலவின்றி ஓடுமென்றால், அதைவிட நல்ல வேலை இந்த அறிவியலுக்கு வேறென்ன இருக்கிறது?

கேள்வி: நடக்கும்போது தோல் அழுந்தி மின்சாரம் வரும், சரி. உட்கார்ந்துவிட்டால்?

பதில்: விலையில்லாத நாளில் வெங்காயத்தை எங்கே வைக்கிறீர்கள்? பட்டறையில். மின்சாரத்துக்கும் பட்டறை உண்டு: சூப்பர் கெபாசிட்டர். அழுத்தும்போது ஒரு திசையிலும் விடும்போது மறு திசையிலும் ஓடும் மின்னோட்டத்தை முதலில் ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். பிறகு, இந்தக் கெபாசிட்டரின் கரி பூசிய துணியில் மின்னேற்றம் அயனிகளாக ஒட்டிக்கொள்ளும். இதை வளைத்தாலும் உடையாது, சட்டென நிரம்பும். ஆனால் லித்தியம் பேட்டரியைவிடக் குறைவாகவே கொள்ளும், சீக்கிரம் கசியும். அயனிகளை வைத்து மின்சாரம் சேர்க்கும் இந்த மின்வேதியியலுக்கென்றே நம் காரைக்குடியில் 1953 முதல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மாணவர்களே, ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் சின்ன வெங்காயத் தோல் தேறுமா?

பதில்: அதிலும் செல்லுலோஸ்தான். எவ்வளவு தரும், வியர்வையிலும் துவைப்பிலும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். பெரம்பலூர் கல்லூரிப் பிள்ளைகளே அளக்கட்டும். மூலப்பொருள் உங்கள் வீட்டுக் களத்திலேயே கிடக்கிறது!