பெனால்டி கிக்கில் ஒரு பொருளாதாரம்

கே: கணிதப் பொருளாதாரம் என்று ஒரு டிகிரி இருக்கிறதாமே, எங்கே கிடைக்கும்?
– பிளஸ் டூ மாணவி, சர்மா நகர், வியாசர்பாடி

ப: அந்தப் பெயரில் போர்டு தேடி அலைந்தால் செருப்புதான் தேயும். நம்மூரில் சரக்கு இரண்டு கடையில் பிரிந்து கிடக்கிறது: பி.ஏ. பொருளியல், பி.எஸ்சி. கணிதம். இரண்டும் கைகோப்பது முதுகலையில். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் பொருளாதார அளவையியலுக்குத் தனித் துறையே வைத்திருக்கிறது. கோட்டூரில் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. உங்கள் பேட்டையின் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, "அலைடு பேப்பரில் கணிதம் உண்டா?" என்று கேட்காமல் பொருளியல் சீட்டை வாங்காதீர்கள்.

கே: இரண்டில் ஒன்று சொல்லுங்கள் சார், மழுப்பாமல்!
– அதே மாணவியின் அண்ணன்

ப: என் ஓட்டு கணிதத்துக்கு. கணக்குக்காரர் பொருளியலுக்கு வந்தால் மாலை போட்டு அழைக்கிறார்கள். நுண்கணிதம் தெரியாத பொருளியல்காரர் நல்ல முதுகலை நுழைவுத் தேர்வுகளில் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்குவார். ரஷ்யாவின் கான்டரோவிச் கணிதக்காரர். எந்த மெஷினுக்கு எந்த வேலையைக் கொடுத்தால் உற்பத்தி கூடும் என்று ஒட்டுப்பலகைத் தொழில்காரர்கள் அவரிடம் வந்து கேட்டார்கள். அதற்கு 1939-இல் அவர் எழுதிய விடைதான் நேரியல் திட்டமிடலின் தொடக்கம். 1975-இல் பொருளாதார நோபலே வந்தது. எந்தக் கச்சா எண்ணெயை எவ்வளவு கலப்பது என்று சுத்திகரிப்பு ஆலைகள் பார்ப்பதும் இந்தக் கணக்குதான். மணலி ஆலைப் பக்கம் போனால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: பிளஸ் ஒன் பொருளியலில் கடைசிப் பாடத்தை எங்களுக்கு நடத்தவே இல்லை. பரவாயில்லையா?
– மாணவர், எம்.கே.பி. நகர்

ப: வாசலையே விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள்! பொருளியலுக்கான கணித முறைகள் அந்தப் பாடத்தில்தான் இருக்கின்றன. லீவில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

கே: நான் ஃபுட்பால் ஆடுகிறவன். இந்தப் படிப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?
– கல்யாணபுரம் வாசகர்

ப: பெனால்டியை எப்போதும் இடப்பக்கமே அடித்தால் கீப்பர் கொட்டாவி விட்டுக்கொண்டே பிடிப்பார். இடம், வலம் என்று மாற்றி மாற்றி அடித்தாலும் மாட்டுவீர்கள். அதுவும் ஓர் ஒழுங்குதானே? எந்தப் பக்கம் அடித்தாலும் கோல் விழும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி, துப்புக் கொடுக்காமல் கலைத்து அடிக்க வேண்டும். இதற்கு அடிப்படையான தேற்றத்தைக் கணிதக்காரர் ஃபான் நாய்மன் 1928-இல் நிறுவினார். பலாசியோஸ்-ஹுவெர்டா என்ற பொருளியலாளர் 1,417 பெனால்டிகளை அலசி, தொழில்முறை வீரர்கள் ஏறக்குறைய அப்படித்தான் அடிக்கிறார்கள் என்று 2003-இல் எழுதினார். அவர்கள் எந்தத் தேற்றத்தைப் படித்தார்கள்? உங்களுக்கும் கால் தயார், நிகழ்தகவுதான் பாக்கி.

கே: அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. "கணக்குப் படிச்சா சோறு போடுமா?" என்கிறார்.
– மாணவி, முல்லை நகர்

ப: அதே ஹார்பரில் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிய குமாஸ்தா ராமானுஜன் என்று சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரான புள்ளியியலாளர் மகலனோபிஸ்தான் பின்னாளில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணித மாதிரி போட்டார். சோறு என்று கேட்டால், வங்கி, ஆய்வு நிறுவனம், இந்தியப் பொருளாதாரப் பணி எல்லாம் உண்டு. ஆனால் கடைசியாகச் சொன்ன பணிக்கான தேர்வை எழுதப் பொருளியலில் முதுகலை வேண்டும். அதனால் அப்பாவிடம் மூன்று வருஷம் என்று சொல்லாதீர்கள், ஐந்து என்றே சொல்லிவிடுங்கள்.