காலால் ஏறுகிறவனுக்கு ரசீது கிடையாது

அமெரிக்க ஒன்றிய அரசின் கையில் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அத்தனையும் மக்கள் சொத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், தேர்தல் மேடையில் பெரியவர்களுக்கும் அப்படித்தான். மலை உன்னுடையது, காடு உன்னுடையது, அதற்கான வரியும் உன்னுடையது. உள்ளே போக வழி எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே.

கேட்கிற கூட்டம் ஒன்று உண்டு: பேக்கன்ட்ரி ஸ்கீக்காரர்கள். இவர்களுக்கு லிஃப்டும் வேண்டாம், இயந்திரம் சமன்செய்த சரிவும் வேண்டாம். பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒருகாலத்தில் அது சீல் தோல், இப்போது நைலான். மணிக்கணக்கில் மூச்சுவாங்க மலையேறி, பட்டையை உரித்துப் பைக்குள் திணித்து, ஏறிய மலையைச் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இந்தப் பைத்தியத்தால் எவனுக்கும் ஒரு காசு வருமானம் இல்லை. அவர்கள் செய்யும் ஒரே குற்றம் அதுதான்.

குற்றமற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பாருங்கள். தேசிய வனங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கீ ரிசார்ட்டுகள் நடக்கின்றன. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரிசார்ட் 40 ஆண்டுகள்வரை அனுமதி வாங்கலாம். வாடகை? வருமானத்தில் ஒன்றரை முதல் நான்கு சதவீதம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கொலராடோவில் வேய்ல் என்ற ரிசார்ட்டின் உச்சநாள் சீட்டு 300 டாலரைத் தாண்டிவிட்டது. சரி, லிஃப்டுக்குச் செலவு இருக்கிறது, வாங்கட்டும். லிஃப்டே வேண்டாம், என் காலால் ஏறுகிறேன் என்றால்? அதற்கும் பல ரிசார்ட்டுகளில் தனிச்சீட்டு உண்டு, தனி நேரம் உண்டு, சிலவற்றில் அடியோடு தடையும் உண்டு. தன் சொந்த மலையில் தன் சொந்தக் காலால் ஏற ஒருவன் வாடகைதாரரிடம் கட்டணம் கட்டுகிறான். வீட்டுக்காரன் குடித்தனக்காரனுக்கு வாடகை கொடுக்கும் அதிசயம் உலகில் வேறெங்கும் நடக்குமா?

யூட்டாவில் ஆல்ட்டா ரிசார்ட் ஸ்னோபோர்டுக்காரர்களைச் சேர்ப்பதில்லை. பொதுநிலத்தில் என்ன பாகுபாடு என்று 2014-இல் வழக்குப் போட்டார்கள். அது தனியார் நிறுவனத்தின் முடிவு, அரசின் செயல் அல்ல என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. அனுமதி வாங்கும்போது பொதுநிலம், கேள்வி வரும்போது தனியார் இடம். அதைப் படித்துவிட்டுச் சில ஸ்கீக்காரர்கள் கமுக்கமாகச் சிரித்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஆல்ட்டாவுக்குப் போகும் பள்ளத்தாக்குக்குப் பெயர் லிட்டில் காட்டன்வுட். ஒரே சாலை. அதன்மேல் இறங்கக் காத்திருக்கும் பனிச்சரிவுப் பாதைகள் 64. பனி கொட்டிய மறுநாள் காலையில் கார்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். நெரிசல் நிஜம், அதை மறுக்கவில்லை. 2023 ஜூலையில் யூட்டா போக்குவரத்துத் துறை தீர்வு கண்டுபிடித்தது: எட்டு மைல் நீளத்துக்கு ஒரு கொண்டோலா, வானத்தில் தொங்கும் ரோப்கார். தொடக்க மதிப்பீடே 55 கோடி டாலர். மேலே அது நின்று ஆளை இறக்குமிடங்கள் இரண்டு. ஒன்று ஸ்னோபேர்ட் ரிசார்ட். மற்றது? யோசிக்க வேண்டாம், ஆல்ட்டா ரிசார்ட்.

இடையில் ஒயிட் பைன் என்றொரு பாதைமுகப்பு இருக்கிறது. கோடையில் நடப்பவனும் குளிர்காலத்தில் பட்டை ஒட்டி ஏறுபவனும் அங்கேதான் வண்டியை விட்டுப் போவார்கள். கொண்டோலா அங்கே நிற்காது. வரிகட்டியவன் கீழே நின்று, தன் பணம் தலைக்குமேல் பறந்து போவதை அண்ணாந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, இப்போதைக்கு. ரிசார்ட்டுகளை ஒட்டிய சாலையோரத்தில் குளிர்காலத்தில் வண்டி நிறுத்துவதற்கும் திட்டத்தில் இடமில்லை. கருத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் பேர் எழுதினார்கள். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதைமுகப்பில் பனியை வாரிப் பத்துக் கார் கூடுதலாக நிறுத்த இடம் கேட்டால் நிதியில்லை என்று கைவிரிக்கும் அரசுகளுக்கு, வானத்தில் கம்பி கட்ட மட்டும் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுகிறான்.

கம்பியில் போகாதவன் பெட்ரோல் எரித்தாலும் மதிப்புண்டு. பொதுநிலத்தில் மோட்டார் வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும்படி அதிபர் நிக்சன் 1972-இல் ஆணையிட்டார். 2005-இல் வனத்துறை அதற்கு விதி வகுத்தபோது, ஸ்னோமொபைலுக்கு மட்டும் விருப்பமிருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்று ஒரு சந்து வைத்தது. பனியில் ஓடினால் அது வண்டியில்லை போலும். வின்டர் வைல்ட்லேண்ட்ஸ் அலையன்ஸ் அமைப்பு வழக்காடி, 2013-இல் தீர்ப்பு வாங்கி, 2015-இல்தான் சந்து அடைபட்டது. நிக்சன் பதவி இழந்து, இறந்தும் போய், அவருக்குப் பின் ஏழாவது அதிபர் ஆண்டுகொண்டிருந்தார். பல வனங்களில் வரைபடம் இன்னும் வந்தபாடில்லை. அதிகாலையில் ஏறத் தொடங்கியவன் உச்சியைத் தொடும்போது, அரைமணி நேரத்தில் வந்துபோன நான்கு வண்டிகள் சரிவு முழுவதையும் உழுதுவிட்டுப் போயிருக்கும். ஸ்னோமொபைல்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கோடு போடச் சொன்னவன் கோடு போடாதவரை அவர் எங்கே ஓட்டினால் என்ன?

ஸ்கீக்காரர்களை நான் அன்றாடங்காய்ச்சிகளாகக் காட்டவில்லை. பூட்ஸ், பலகை, பனியில் புதைந்தால் ஆளைத் தேட உதவும் பீக்கன் என்று ஆயிரக்கணக்கான டாலரைச் சுமந்துகொண்டுதான் மலையேறுகிறார்கள். எல்லாத் தடையும் அநியாயம் என்றும் சொல்லமாட்டேன். வயோமிங்கின் டீட்டன் முகடுகளில் பிக்ஹார்ன் ஆடுகள் குளிர்காலத்தைச் சேமித்த கொழுப்பில் ஓட்டுகின்றன. ஆளைக் கண்டு மிரண்டு ஓடினால் அந்தக் கொழுப்பு எரிந்து தீரும். அங்கே போகாதே என்றால் போகக்கூடாது, வாதாடவும் கூடாது. ஆட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம், வேலிக்காரனுக்கு ஏன்?

வேலிக்காரன் கதை அதே வயோமிங்கில், எல்க் மலையில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தபோது ஒரு சதுர மைல் கம்பெனிக்கு, அடுத்தது அரசுக்கு என்று சதுரங்கக் கட்டமாக வெட்டினார்கள். பொதுக்கட்டத்திலிருந்து அடுத்த பொதுக்கட்டத்துக்கு மூலைவழியாகத்தான் போக முடியும். 2021-இல் நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி போட்டு அந்த மூலையைத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் காலே படவில்லை. படாவிட்டால் என்ன, என் காற்றில் நுழைந்தாய் என்று பண்ணைக்காரர் வழக்குப் போட்டார். தன் சொத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்குமேல் குறைந்துவிட்டதாம். பொதுநிலத்துக்குப் பொதுமக்கள் வரமுடியாது என்பதையே அவர் தன் சொத்துக் கணக்கில் சேர்த்திருந்தார்! 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆனால் மொன்டானாவும் ஐடஹோவும் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே. அங்கே ஸ்கீக்காரன் மூலை தாண்டும்போது ஆறடிப் பலகையின் நுனி யார் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்க ஒரு சர்வேயரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

இந்த வரிசையில் நான் கொஞ்சமாவது மதிப்பது யூட்டா செனட்டர் மைக் லீயை. மற்றவர்கள் நிலத்தைப் பொது என்று சொல்லிக்கொண்டே வழியை அடைக்கிறார்கள். அவருக்கு அந்தச் சுற்றுவழி பிடிக்கவில்லை. 2025 ஜூனில் பதினோரு மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்குமேல் பொதுநிலத்தை விற்றுவிடலாம், வீடு கட்டலாம் என்று பட்ஜெட் மசோதாவில் செருகினார். மொன்டானாவுக்கு மட்டும் விலக்கு, அங்கே ஓட்டுகள் தேவைப்பட்டன. வேட்டைக்காரன், மீன்பிடிக்காரன், ஸ்கீக்காரன், அவர் கட்சிக்காரன் எல்லோரும் சேர்ந்து கத்தியதில் அந்த மாதக் கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒளிவுமறைவில்லாத மனிதர். ரசீது போட முடியாத மலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் மசோதாவிலேயே எழுதிவிட்டார்.