துணைவேந்தருக்கு ஒரு பொன்னாடை

துணைவேந்தரின் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடியப்போகிறது. பாராட்டு விழாக் குழு கூடிவிட்டது. அழைப்பிதழில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் கழிந்தன. ‘கல்விச் செம்மல்’ பட்டத்தைப் போன முறை போனவருக்கே கொடுத்தாயிற்று. வேறு அடைமொழி தேடித் தமிழ்த்துறைத் தலைவர் நூலகம் போயிருக்கிறார் (பல ஆண்டுகளுக்குப் பிறகு).

“சாதனைப் பட்டியல் வேணுமே?” என்றார் பதிவாளர்.

“நாக் தரமதிப்பீட்டுக் குழு வந்தப்ப அடிச்ச பெயிண்ட்டைச் சேர்த்துக்கலாம் சார்” என்றார் மக்கள் தொடர்பு அலுவலர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தார். 27 ஆண்டுகள்! வழியனுப்பு விழாக் குழுவினர் எப்படிப் பொழுதைப் போக்கினார்களோ.

இங்கே கூட்டம் சேருமா என்ற கவலை இல்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அன்று வருகைப்பதிவு அரங்க வாசலில்தான். பொன்னாடைக்கு நிதி ஒதுக்கியாயிற்று. கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அரங்கம் நிரம்பி வழிந்ததாகச் செய்திக்குறிப்பும் தயார். புதியவரை வரவேற்கும் பேனரும், முகத்துக்கு இடம் விட்டு, கூடவே அச்சுக்குப் போகிறது. இரண்டாகக் கொடுத்தால் கடைக்காரர் தள்ளுபடி தருகிறாராம்.