போன் கேட்கிறது: வலிக்கிறதா?

கே: மருத்துவ ஆய்வுக்காக என் போனில் ஒரு செயலி போட்டிருக்கிறார்கள். ‘இப்போது வலி எவ்வளவு?’ என்று நாளுக்கு ஆறு தடவை கேட்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் என்ன?

ப: கேட்கலாம், பதில்தான் சரியாக வராது. 1996-இல் ரெடல்மையர், கானமன் என்ற ஆய்வாளர்கள் குடல் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள். முடிந்தபின் மொத்தமாகவும் கேட்டார்கள். உச்சத்தில் வலித்ததும் கடைசியில் வலித்ததும் நினைவில் நின்றன. எவ்வளவு நேரம் வலித்தது என்பதை ஞாபகம் கிட்டத்தட்டக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கே: ஒரு நோட்டும் பேனாவும் போதாதா?

ப: 2002-இல் ஆய்வாளர் ஆர்தர் ஸ்டோனின் குழு, தீராத வலியுள்ளவர்களிடம் தினம் மூன்று வேளை எழுதச் சொல்லி நோட்டு கொடுத்தது. 90 சதவீதம் நேரத்துக்கு எழுதியதாகக் கணக்கு வந்தது. நோட்டுக்குள் ஒளிந்திருந்த ஒளி சென்சார் சொன்ன கணக்கு: 11 சதவீதம். மின்னணு டயரி வாங்கியவர்கள் 94. மனிதன் மாறவில்லை, அதில் நேரத்தை மாற்றி எழுத வழியில்லை, அவ்வளவுதான்.

கே: போன் வருவதற்கு முன் எப்படிக் கேட்டார்கள்?

ப: 1970-களில் சிகாகோவில் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் பேஜர் கொடுத்தார். பீப் அடித்ததும் எங்கே, யாரோடு, என்ன மனநிலை என்று எழுத வேண்டும்.

கே: இந்தச் செயலியை வடிவமைப்பவர் முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

ப: கட்டைவிரலை. ஒரு கையால், அரை நிமிடத்தில் முடிய வேண்டும். 0 முதல் 100 வரை இழுக்கும் கோட்டில் குமிழை 50-இல் நிறுத்தி வைத்தால், சோம்பல்பட்டவர்களுக்கெல்லாம் வலி 50. சிக்னல் இல்லாத ஊரிலும் பதில் போனிலேயே பத்திரமாக இருக்க வேண்டும். முக்கியமாக, குடிப்பழக்கம் பற்றிய ஆய்வென்றால் ‘இன்று குடித்தீர்களா?’ என்பதைப் பூட்டிய திரையில் காட்டக்கூடாது. பக்கத்தில் மாமியார் இருப்பார்.

கே: ஓயாமல் கேட்டால் இல்லாத வலியும் வந்துவிடாதா?

ப: அந்தச் சந்தேகம் ஸ்டோனுக்கும் வந்தது. நாளுக்கு 3, 6, 12 தடவை என்று ஆட்களைப் பிரித்துக் கேட்டுப் பார்த்தார். அடிக்கடி கேட்டதால் வலி கூடியதாகத் தெரியவில்லை.

கே: வண்டி ஓட்டும்போது பீப் வந்தால்?

ப: விட்டுவிடுங்கள். ‘பிறகு’ என்றொரு பொத்தான் இல்லாத செயலி ஆபத்தானது. ஆனால் விட்டுப்போன பதில்களை ஆய்வாளர் லேசாக விடக்கூடாது. வலி தாங்காமல் சுருண்டு படுத்திருப்பவர் போனை எடுக்க மாட்டார். அவரை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் ஊரே சௌக்கியம்!