மாட்டேன் என்றால் மாட்டேன்தான்!

? ‘தி லவ்டு ஒன்ஸ்’ பார்க்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பார்க்கலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து! ஆஸ்திரேலிய இயக்குநர் ஷான் பைர்னின் முதல் படம். 2009 டொரான்டோ திரைப்பட விழாவில், நள்ளிரவுக் காட்சிப் பிரிவில் ரசிகர்களே ஓட்டுப் போட்டுப் பரிசு கொடுத்தார்கள்.

? கதையைச் சுருக்கமாக?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பள்ளிக்கூட நடன விருந்துக்கு என்னோடு வருகிறாயா என்று பிரென்டைக் கேட்கிறாள் லோலா. பையன் மரியாதையாகத்தான் மறுக்கிறான். அவள் வீட்டிலேயே விருந்து வைத்து, அவனை நாற்காலியில் கட்டிப்போடுகிறாள். மீதியை ட்ரில்லிங் மெஷின் பேசும்.

? பெற்றவர்கள் கண்டிக்க மாட்டார்களா?
– ஓர் அம்மா, கரூர்

பையனைத் தூக்கிக்கொண்டு வருவதே அப்பாதான்! மகள் கேட்டால் நிலாவையே பிடித்துத் தருவேன் என்கிற ரகம். என்னை அதிகம் நடுங்க வைத்தது அந்தச் செல்லம்தான்.

? பாட்டு உண்டா?
– இசைப் பிரியர், திண்டுக்கல்

உண்டு. கேசி சேம்பர்ஸ் பாடிய ‘நாட் ப்ரெட்டி இனஃப்’. லோலா அதைத் தனியறையில் கேட்கும்போது நமக்கே பாவமாக இருக்கும். அந்தப் பரிதாபம் ரொம்ப நேரம் தாங்காது.

? பேயே இல்லாமல் என்ன திகில்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பேய்க்கு வேப்பிலை உண்டு. பிங்க் கவுன் போட்டு வந்து ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்பவளுக்கு எந்தப் பூசாரியைத் தேடுவது? பிரென்டின் தொண்டையில் ஊசி போட்டுக் குரலைத்தான் முதலில் பறிக்கிறார்கள். ‘மாட்டேன்’ என்று சொன்ன குரல் ஆயிற்றே!

? அபிமானம் முற்றிப்போன வேறு படம்?
– ஒரு வாசகர், மதுரை

ஸ்டீஃபன் கிங் நாவலிலிருந்து வந்த ‘மிசரி’ (1990). விபத்தில் சிக்கிய எழுத்தாளரைக் காப்பாற்றும் நர்ஸ், அவரை வீட்டில் அடைத்து வைத்து, அவர் கதையில் செத்துப்போன கதாநாயகியைப் பிழைக்க வைத்து எழுது என்கிறாள். கேத்தி பேட்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ‘முடிவு பிடிக்கவில்லை’ என்று கடிதத்தோடு விட்டுவிடும் நம் தொடர்கதை வாசகர்கள் தங்கமானவர்கள்!

? நம்மூரில் இப்படி எடுத்ததில்லையா?
– ஒரு வாசகி, பழநி

‘குணா’ (1991) இருக்கிறதே! அபிராமி என்று நம்பி ஒரு பெண்ணைக் கடத்திக் கொடைக்கானல் மலையில் வைத்துக்கொண்டவனுக்காக நாம் அழுதோம். படம் எடுத்த குகைக்கே அவன் பெயரை வைத்துச் சுற்றுலா போகிறோம். அங்கே அவள் மனம் மாறுகிறாள். இங்கே பிரென்ட் கடைசிவரை மாறவில்லை. மாறியிருந்தால் இதையும் காதல் படம் என்றிருப்போம்.

? ‘என்றாவது ஓகே சொல்வாள்’ என்று என் நண்பன் காத்திருக்கிறானே?
– ப்ளஸ் டூ மாணவர், ஈரோடு

தாராளமாகக் காத்திருக்கட்டும், அவன் வீட்டில். அவள் தெருமுனையில் வேண்டாம்.