பாட்டு முடியாத காலம்

எண்பதுகளில் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் தெருவுக்கே உறவுக்காரர்கள். பாட்டு தொடங்கியதும் நான் நடக்க ஆரம்பிப்பேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை, மறுபடி தொட்டி வரை. கால் மாடியில் இருக்கும்; மனசு கொழும்பில். அங்கே நான் அறிவிப்பாளர். எனக்கொரு வீடு, முற்றத்தில் மாமரம், கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதும் நேயர்கள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று கதை தொடரும்.

ஆனால் அந்தக் கதைக்கு நாலாபுறமும் வேலி இருந்தது. விளம்பரம் வந்தால் அறுந்துபோகும். டிரான்சிஸ்டரில் பேட்டரி தீர்ந்தால் அப்பாவின் அடுத்த சம்பளம் வரை கொழும்பே கிடையாது. அதையெல்லாம் தாண்டினாலும் ஆச்சியைத் தாண்ட முடியாது. "ஏட்டி, எத்தன மட்டம் கூப்பிடுதேன், காதுல விழலயா? கீழ வந்து மாவ ஆட்டு!" அந்தக் குரல் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும்.

இப்போது சென்னையில் என் வீட்டில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். செல்போனில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததை அதுவே போட்டுவிடுகிறது. விளம்பரம் வராமலிருக்க மாதாமாதம் பணமும் கட்டுகிறேன். சிறுவயதில் ஏங்கிய தடையில்லாத நேரம் முழுதாகக் கையில் இருக்கிறது. அதுவே என்னைத் தின்கிறது. கொழும்பு அறிவிப்பாளருக்கும் வயதாகிவிட்டது. அவள் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிப்பதற்குள் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் எழும்போதே பகலெல்லாம் மூட்டை சுமந்தவள்போல உடம்பு கெஞ்சும். அலுவலகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் எலி சோமர் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆறு பேரைப் பற்றியது. மணிக்கணக்கில் பகற்கனவில் மூழ்கி, அதனால் வேலையும் உறவும் கெட்டுப்போனவர்கள். அந்த நிலைக்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். பாட்டு கேட்டதும் கனவு தொடங்குவது, கூடவே நடப்பது, கதாபாத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் வளர்வது எல்லாம் இந்த நிலையைப் பற்றிய ஆய்வுகளில் வருகின்றன. என் மொட்டைமாடியை யாரோ பார்த்து எழுதியதுபோல இருந்தது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் இது இன்னும் தனி நோயாகச் சேரவில்லை. அதே 2002இல்தான் அப்துல் கலாம் குடியரசுத் தலைவரானார். கனவு காணச் சொல்லிப் பள்ளி பள்ளியாகப் போனார். அவர் சொன்னது எழுந்து வேலை செய்ய வைக்கும் கனவு. என்னுடையதோ எழுந்த வேலையை மறக்க வைப்பது.

அதற்காகக் கனவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 விழுக்காடு மனித மனம் கையிலுள்ள வேலையை விட்டு வேறெங்கோ இருக்கிறது என்று ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2010இல் எழுதினார்கள். மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளதுதான். திரும்பி வர முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

களைப்பு முழுவதும் கனவால் வந்ததும் அல்ல. மருத்துவர் முதலில் ரத்தம்தான் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் மிகக் குறைவு. தைராய்டும் பி12ம் சரியாக இருந்தன. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடக்கூடாது, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும் என்றார். சில மாதங்களில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! எங்கள் வகுப்பில் பெஞ்சில் தலைசாய்த்து, எங்கோ பார்த்தபடி இருந்த பெண்களையெல்லாம் சோம்பேறி என்று திட்டினார்களே, அவர்களில் ஒருத்திக்காவது யாராவது ரத்தம் பார்த்தார்களா? நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மீதிக் களைப்புக்கு ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். கனவை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. எப்போது தொடங்குகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பாட்டு கேட்டால் உட்கார்ந்து கேட்பது, நடந்தால் பாட்டில்லாமல் நடப்பது. இரவு படுக்கையறைக்குச் செல்போன் வராது. ஆச்சி செய்த வேலையை அலாரம் வைத்துச் செய்துகொள்கிறேன். திட்டுவதற்குத்தான் அதற்குத் தெரியாது.

நோட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்: "அந்தக் கொழும்பு வீட்டுல உங்களுக்கு என்ன கிடைக்குதும்மா?" நான் பேசினால் அங்கே கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று சட்டென்று வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு வெகுநேரம் அழுதேன்.

சனிக்கிழமைகளில் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் படித்துப் பதிவுசெய்து தருகிறேன். அன்று இரவு நடை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மற்ற இரவுகளில் போராட்டம் அப்படியேதான். இந்தப் பருவத்துக்குப் பொருளியல் வேண்டுமாம். வேகமாகப் படிக்கிறீர்கள், வரைபடத்தையும் வாயால் விளக்கிச் சொல்லுங்கள் அக்கா என்று ஒரு பையன் குறை சொல்லி அனுப்பியிருக்கிறான்.