பேராண்டிக்கு மெமரி பத்தலையாம்!

இன்னாடா பேராண்டி, லேப்டாப்பு இப்படி மூச்சு வாங்குது? செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சிக்கு நீ ஏறினியா, அது ஏறிச்சா?

எனக்கு இந்த எமுலேட்டர் எழவெல்லாம் தெரியாதுப்பா. செஞ்சியைத் தாண்டாத கெழவன். ராத்திரி பூரா போன்ல உன் சிநேகிதன்கிட்ட நீ கத்தினது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்.

பழைய எக்ஸ்86 ப்ரோக்ராம உன் மெஷின்ல ஓட்டணும். துண்டு துண்டா உன் ப்ராசஸருக்குப் புரியறாப்ல மாத்தி, மறுபடி உதவும்னு மெமரியில போட்டு வெக்கறே. நல்ல புத்திதான். ஆனா அந்த ப்ரோக்ராமு ஓடிக்கிட்டே தன் கோடைத் தானே திருத்திக்கிற ஜாதி. அது திருத்தத் திருத்த நீ புதுசா மாத்தறே. பழசைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல. எட்டு ஜிபியும் செத்த கோடு! உங்க பாட்டிகூட இவ்வளவு பழசு சேத்து வெச்சதில்லடா.

கோட்டை அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் பாத்திருக்கே இல்ல? 1690-லேர்ந்து 1698 வரைக்கும் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் முற்றுகை போட்ட கோட்டை. அதுக்கே களஞ்சியத்துக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. உனக்கு மட்டும் சுவரே இல்லாத களஞ்சியம் எங்கேருந்துடா வந்துச்சு?

ஃபேப்ரீஸ் பெல்லார்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கியூஎமுங்கற எமுலேட்டரை எழுதினவரு. 2005-ல எழுதின கட்டுரையிலேயே சொல்லிட்டாரு: மாத்தின கோடுக்கு 16 மெகாபைட் இடம், நிறைஞ்சா மொத்தமா காலி. எது வேணும், எது வேணாம்னு பொறுக்கிக்கிட்டே உக்காரல. வேணுங்கறது மறுபடி ஓடறப்போ மறுபடி மாத்திக்கும். சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், சாமர்த்தியம் அதுதான்.

ப்ரோக்ராமு தன் கோடைத் திருத்தினது எப்படித் தெரியும்னு கேப்பே. ஆர்ம் ப்ராசஸருக்கு எழுதின ப்ரோக்ராமா இருந்தா கேஷை அழிக்கச் சொல்லித் தானே ஒரு குரல் குடுக்கும். எக்ஸ்86 கமுக்கமா காரியத்தை முடிச்சிடும். அதனால எந்தப் பேஜ்லேர்ந்து கோடு எடுத்தியோ, அந்த 4096 பைட்டுக்கும் எழுதத் தடை போட்டு வை. யாராவது எழுத வந்தா தடையில மாட்டுவாங்க. அப்போ அந்தப் பேஜ்லேர்ந்து வந்த துண்டெல்லாம் செல்லாதுன்னு வெச்சுட்டு, தடையை எடுத்து எழுத விடு. துண்டுக்குத் துண்டு நேரா தாவ வழி போட்டிருக்கியே, அதையும் அறுத்து விடு. இல்லாட்டி செத்த கோடுக்குள்ள போயி விழுந்துட்டு, நடுராத்திரி என்னை எழுப்பி அழுவே.

சில பேஜு நிமிஷத்துக்கு நூறு தடவை மாறும். அதுங்கிட்டப் போயி ரோஷம் பாக்காதே. மாத்தறதை விட்டுட்டு, வரிவரியா படிச்சே ஓட்டு. மெதுவாத்தான் போகும், குப்பை சேராது. மாறறது கோடு இல்ல, கோடுக்குள்ள இருக்கற ஒரு நம்பர்தான்னா இன்னும் சுளுவு. அந்த நம்பரை உன் துண்டுல பொதிச்சு வெக்காம, ஓடறப்பல்லாம் அசல் இடத்துலேர்ந்தே எடுத்துக்கோ. 2000-த்துல க்ரூசோ சிப்பு கொண்டாந்த டிரான்ஸ்மெட்டா கம்பெனிக்காரங்க இதைத்தான் செஞ்சாங்க. ஒரே கோடு ரெண்டு வேஷத்துல மாறி மாறி வருதா? ரெண்டையும் வெச்சுக்கிட்டு, அசல் பைட்டை ஒப்பிட்டுப் பாத்து எடு. ரெண்டைத்தான் சொன்னேன், ரெண்டாயிரத்தை இல்ல!

ஆகக்கூடி, மாத்தின கோடு சொத்து இல்லடா, வேணுங்கறப்போ திரும்பச் செஞ்சுக்கலாம். பத்திரமா வெக்க வேண்டியது எந்தத் துண்டு எந்தப் பேஜ்லேர்ந்து வந்துச்சுங்கற கணக்கு மட்டும்தான். இன்னொரு எட்டு ஜிபிக்குக் காசு கேட்டு என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, 16 எம்பிக்குள்ள ஓட்டிக் காட்டு.